ஏழாம் அத்தியாயத்தில் காலமான என் மகள்

என் மகள் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு வாடிக்கையாளர் கண் சோதனைப் பலகையின் கடைசி வரி எழுத்துகளைத் தப்புத் தப்பாகவும் மிகுந்த தைரியத்தோடும் படித்துக்கொண்டிருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. பேசியவர் பள்ளிக்கூட எழுத்தர்.

"சார், ஒரு துக்கமான விஷயம். உங்க பொண்ணு நேத்து மூணாவது பீரியட்ல இறந்துட்டாங்க. நாளைக்குக் காலைல இரங்கல் கூட்டம். குடும்பத்துலேருந்து ஒருத்தராவது வரணும்."

வேறு அப்பாவாக இருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருப்பான். நான் விழவில்லை. நேற்று மூன்றாவது பீரியடில் இறந்துபோனவள் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டு, அவன் கையைக் கடித்து, இன்று காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னை வெகுநேரம் வெளியே நிற்கவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"எப்படி இறந்தா?" என்று கேட்டேன்.

"படகு கவிழ்ந்துடுச்சு சார்."

"எங்க?"

"ஏழாம் அத்தியாயத்துல."

"இப்ப எங்க இருக்கா?"

"மாடிப்படிக்குக் கீழ பெஞ்சு போட்டிருக்கோம் சார். இறந்தவங்களை எல்லாம் அங்கதான் உக்கார வைக்கறது. அப்புறம் சார், நாளைக்கு வரும்போது பிஸ்கட் கொண்டுவாங்க. க்ரீம் வச்சது வேணாம். துக்கத்துக்குப் பொருந்தாதுன்னு கையேட்டுல போட்டிருக்கு."

போனை வைத்துவிட்டு வாடிக்கையாளரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, கடைசி வரியை இன்னொரு முறை வேறு மாதிரி படித்துக் காட்டினார்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வாசலில் பெரிய பலகை ஒன்று உண்டு. "இங்கே நாவல்கள் படிக்கப்படுவதில்லை, வாழப்படுகின்றன" என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாவலை அறிவிப்பார்கள். கொடுக்க மாட்டார்கள், அறிவிப்பதோடு சரி. பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, வருடம் முழுவதும் அந்தப் பாத்திரமாகவே வந்து போகச் சொல்வார்கள். வருகைப் பதிவிலும் அந்தப் பெயர்தான். அத்தியாயத்துக்கு ஒரு செயல்பாடு. அட்டைப்பெட்டியில் ஊர் செய்வது, பஞ்சில் மலை செய்வது, கதாநாயகி மனநிலையில் கஞ்சி போட்டுத் துணி தேய்ப்பது, இப்படி. போன வருடம் அந்தப் பஞ்சு மலையை ஒட்டியது என் மனைவி. எங்கள் வீட்டை ஒட்டிய கடையின் பின்பக்கம், இயந்திரத்தில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து வடிவம் கொடுப்பது அவள் வேலை, கைவேலை சுத்தமாக இருக்கும். மலைக்குப் பத்துக்கு ஆறு போட்டு, "நாவலை இன்னும் ஆழமாக உள்வாங்கியிருக்கலாம்" என்று எழுதி அனுப்பினார்கள்.

"நான் பசையைத்தானே உள்வாங்கினேன்," என்றாள் என் மனைவி. இரண்டு நாள் தும்மிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு ஆற்றங்கரை ஊரைப் பற்றிய நாவல். என் மகள் படகுக்காரன். படகு தருவார்கள் என்று நம்பி அதை அடம்பிடித்து வாங்கியிருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி, நாங்கள் சுருட்டை என்று கூப்பிடும் பெண், படகுக்காரனின் மனைவி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ்.

மறுநாள் க்ரீம் இல்லாத பிஸ்கட்டோடு போனேன். வகுப்பறையில் கறுப்புத் துணி கட்டி, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். நடுவில் என் மகளின் அடையாள அட்டைப் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். மாட்ட ஆணி கிடைக்காததால் படத்தை என் மகளே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களும் காலணியும் மட்டும்தான் தெரிந்தன. நாவல் டீச்சர் கையில் மதிப்பெண் அட்டையோடு என்னை முன்னால் அழைத்தார்.

"படகுக்காரனோட அப்பா இப்ப ரெண்டு வார்த்தை பேசுவார்."

"என் பொண்ணு நல்லவ," என்று தொடங்கினேன். "துணியை மட்டும் மடிச்சு வைக்க மாட்டா."

"அப்பா," என்று படத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இறந்தவர் பேசக் கூடாது," என்று டீச்சர் அட்டையில் ஏதோ குறைத்தார். "நீங்க சொல்லுங்க சார். கையை அசைச்சுச் சொல்லுங்க."

கையை அசைத்தேன். மெழுகுவத்தி அணைந்தது. துக்கத்துக்கு எனக்குப் பத்துக்கு மூன்று கிடைத்தது. எனக்கு அடுத்து வந்த சுருட்டை தரையில் விழுந்து புரண்டு அழுதாள். நாவல் டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார். பிறகு எல்லாரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். என் மகளுக்குக் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பினேன். அது என் அறியாமை.

கூட்டம் முடிந்த பிறகும் மகளை வகுப்புக்குள் விடவில்லை. வருகை எடுக்கும்போது "படகுக்காரன்" என்று கூப்பிடுவார்களாம், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "காலமானார்" என்று சொல்லுமாம். நாவல் வகுப்பில்தான் இப்படி என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எல்லாப் பாடத்துக்கும் ஒரே வருகைப் பதிவு. கணக்கு வாத்தியார் நல்ல மனிதர், மாடிப்படிக்குக் கீழே வந்து, "உனக்கு எடுக்கணும்னு ஆசைதாம்மா, ஆனா இறந்தவங்களுக்கு நான் கணக்கு எடுத்ததா பதிவாயிடும்," என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாராம். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டாம் அத்தியாயத்தில் நெஞ்சுவலி வந்த ரொட்டிக்காரி ஒருத்தியும், எட்டாம் வகுப்பு நாவலில் தூக்கில் தொங்கிய தளபதி ஒருத்தனும் இருந்தார்கள். மூன்று பேரும் நாள் முழுவதும் சீட்டு விளையாடினார்கள்.

முதல் வாரம் அவளுக்குச் சந்தோஷம். இரண்டாவது வாரம் முகம் தொங்கிவிட்டது.

"சுருட்டை என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கறாப்பா," என்றாள். "அவ துக்கத்துல இருக்கணுமாம். யார்கிட்டயும் பேசக் கூடாதாம். டைரிதான் எழுதணுமாம். அந்த டைரியில என்னைப் பத்தித்தான் எழுதறா, ஆனா என்கிட்ட பேச மாட்டேங்கறா."

அதோடு எழுத்தரிடமிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. வருகை குறைந்துகொண்டே போவதால் என் மகளால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது, அடுத்த வருடமும் ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனேன்.

நாவல் செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். இளைஞர். கழுத்தில் நாடா கட்டிக் கத்தரிக்கோல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அவர் அறையில் நாற்காலியைத் தவிர மற்றதெல்லாம் தெர்மாகோலில் இருந்தது. நாற்காலியிலும் ஒரு தெர்மாகோல் அரண்மனை இருந்ததால் நான் நின்றேன்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார்," என்றார். "பெரிய இழப்பு."

"இழப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவ உயிரோடதான் இருக்கா."

அவர் கனிவோடு தலையாட்டினார். "இதைத்தான் மறுப்பு நிலைன்னு சொல்றோம். குடும்பத்துல இருக்கறவங்க இப்படித்தான் ஆரம்பத்துல சொல்வாங்க. கையேட்டுல இதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு."

கையேட்டை எடுத்துக் காட்டினார். தலையணை கனத்தில் இருந்தது. பல வண்ணத்தில் பக்கங்கள், நடுநடுவே வெட்டி ஒட்ட வேண்டிய முகமூடிகள்.

"தம்பி, அந்தக் கதையில படகுக்காரன் நிஜமாவே சாகறானா?"

"சாகறார் சார். படகு கவிழுது, துண்டு மட்டும் மிதக்குது, மனைவி அழறாங்க. அழற இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு, அங்கதான் கூட்டம் வச்சோம்."

"நீங்க படிச்சீங்களா?"

சாப்பிட்ட தட்டைக் கழுவினீர்களா என்று யாரோ கேட்டதுபோல அவர் முகம் சுருங்கியது. "படிச்சுட்டா செயல்பாடு நடத்த முடியாது சார். மனசு கதைக்குள்ள போயிடும். பிள்ளைங்களுக்கும் அதனாலதான் புத்தகத்தைக் கையில குடுக்கறதில்ல. ஒரு தடவை ஒரு பொண்ணு எங்கிருந்தோ வாங்கிப் படிச்சுட்டா. அப்புறம் முகமூடி செய்ய வரவே மாட்டேன்னுட்டா. அவளை வழிக்குக் கொண்டுவர ஒரு மாசம் ஆச்சு."

கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவர் மனம் இளகிக் கையேட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நாவலில் ஒரு பாலம் வருகிறது. அதற்குப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். பாலத்தின் மூன்றாவது தூணுக்கு அம்மை போட்டிருப்பதால் ஓர் இடம் காலி. பாலத்துக்கு வருகைப் பதிவு உண்டு.

என் மகள் மறுநாளிலிருந்து தூணானாள். கணக்கு வகுப்பிலும் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது என்றாலும், வகுப்புக்குள் நின்றாள். சுருட்டை பாலத்தைக் கடந்துபோகும் காட்சியில் தூணைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாளாம். அதை என் மகள் வீட்டுக்கு வந்து நான்கு முறை சொன்னாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எழுத்தர் போன் செய்தார்.

"சார், ஒரு துக்கமான விஷயம்."

ஒன்பதாம் அத்தியாயத்தில் வெள்ளம் வந்து பாலம் இடிந்துவிட்டது.

இந்த முறை தலைமையாசிரியையைத்தான் பார்ப்பது என்று முடிவுசெய்து போனேன். அவர் அறைக்கு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு ஆறு ஓடியது. காகிதத்தை அலை அலையாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் கிட்டே போய்ப் பார்த்தேன். அலைகளில் எழுத்து இருந்தது. வகுப்புக்கென்று வாங்கிய நாவல் பிரதிகள் அத்தனையையும் வெட்டி ஆறாக்கியிருந்தார்கள்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு உருப்பெருக்கி இருக்கும். அதை வைத்து அலைகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றில் "மாவு மூட்டையை இறக்கி" என்று இருந்தது. ஒன்றில் "நீதிபதிக்கு அன்று ஜலதோஷம்" என்று இருந்தது. கரை ஓரமாக, ஒரு தெர்மாகோல் கொக்கின் காலடியில் இருந்த அலையில் இப்படி இருந்தது: "தன் நினைவுக்காகக் கூடியிருந்த கூட்டத்தில் நனைந்த சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த படகுக்காரனை யாரும்". அதற்கு மேல் வளைவாக வெட்டியிருந்தார்கள்.

கொக்கைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பசைதான் இருந்தது.

அந்த நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தலைமையாசிரியையின் பின்னால் கேடயங்கள் அடுக்கியிருந்தன. நடுவில் இருந்த பெரிய கேடயம் "வாசிப்பில் சிறந்த பள்ளி" என்றது.

"உங்க கவலை நியாயம்தான்," என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மத்த பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க நாவலைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு மூலையில உக்காந்து, பக்கம் பக்கமா புரட்டிக்கிட்டிருக்கு. பார்க்கவே பாவமா இருக்கு. எங்க பள்ளியில இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகூட அப்படி உக்கார்ந்ததா புகார் வந்ததில்ல."

"என் பொண்ணு பரீட்சை எழுதணும் மேடம்."

"எழுதலாம். வருகை இருக்கணும். குடும்பத்துல யாராவது இறந்தா மூணு நாள் விடுப்பு உண்டு. தானே இறந்தா எத்தனை நாள்னு விதியில இல்ல. நான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன்."

"ஒருவேளை அந்தப் படகுக்காரன் சாகாம இருந்தா?"

"சாகாம எப்படி சார்? மதிப்பெண்ணே போட்டாச்சே."

வெளியே வந்ததும் கால்கள் தாமாகப் பக்கத்துத் தெருப் புத்தகக் கடைக்குப் போயின. அந்த நாவலின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் கையேட்டை எடுத்து வைத்தார். "இது இல்லீங்க, நாவல்," என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஏணி போட்டு ஏறி, மேல் அடுக்கிலிருந்து ஒன்றைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். நான் நாவல் படிக்கிறவன் இல்லை. படிக்கிற கண்ணாடி விற்பவன், அவ்வளவுதான். இருந்தும் அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

நன்றாகத்தான் எழுதியிருந்தான் மனுஷன். படகுக்காரன் கஞ்சன், வாயாடி, ஊர் முழுக்க வம்பு. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒரு அம்மா வந்து கிட்டப்பார்வைக் கண்ணாடி கேட்டதற்கு, "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்று சொல்லி உட்காரவைத்தேன். ஏழாம் அத்தியாயத்தில் படகு கவிழ்ந்தது. துண்டு மிதந்தது. கையேட்டுக்காரன் அந்த இடத்தில் அழுகைச் செயல்பாட்டை எழுதிவிட்டு, பாலம் இடிந்ததோடு படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பாலம் இடிந்தது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் படகுக்காரன் நனைந்த சட்டையோடு தன் இரங்கல் கூட்டத்துக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஊர் தன்னைப் புகழ்வதை ஆற அமரக் கேட்டான். நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். அந்த அம்மா பயந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் மகளிடம் கொடுத்தேன். அவள் சாப்பிடவும் எழுந்து வரவில்லை. என் மனைவி இயந்திரத்தை நிறுத்தாமலேயே பின்பக்கத்திலிருந்து, "படகுக்காரன் திரும்பி வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லு, மத்ததை நான் படிச்சுக்கறேன்," என்று கேட்டாள். போய்ப் பார்த்தோம். மகள் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான் சாகவே இல்லப்பா," என்றாள்.

அந்தப் பெண் இத்தனை நாள் தான் நிஜமாகவே எதையோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அன்றிரவு வீட்டில் யாரும் டிவி போடவில்லை, ரிமோட்டுக்குச் சண்டையும் இல்லை.

மறுநாள் புத்தகத்தோடு போய் ஒருங்கிணைப்பாளரிடம் பன்னிரண்டாம் அத்தியாயத்தைக் காட்டினேன். அவர் புத்தகத்தைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார்.

"நாவல்ல இப்படி இருக்கலாம் சார். கையேட்டுல இல்லையே."

"நாவலைப் பார்த்துத்தானே கையேடு எழுதினாங்க?"

"எழுதினாங்க. ஆனா நாவலாசிரியர் கையேட்டைப் பார்க்காம எழுதிட்டார். அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

விவகாரம் தலைமையாசிரியைவரை போயிற்று. படகுக்காரன் இருக்கிறானா, இல்லையா என்பதை ஒரு நீதிமன்றச் செயல்பாடு வைத்தே முடிவுசெய்வது என்று அறிவித்தார்கள். கையேட்டில் அதற்கும் இடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் கூடியது. தலைமையாசிரியை நீதிபதி, பட்டமளிப்பு விழா அங்கி போட்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அரசுத் தரப்பு. எழுத்தர் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்தார். என் மகள் வழக்கில் சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் மேசைமேல் உட்காரவைக்கப்பட்டாள். கழுத்தில் ஒரு எண் தொங்கியது.

நான் எழுந்து, "புத்தகத்துல என்ன இருக்குன்னா," என்றேன்.

"ஆட்சேபிக்கறேன்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "இவர் புத்தகத்தைப் படிச்சவர். இவர்கிட்ட நடுநிலையை எதிர்பார்க்க முடியாது."

"ஏற்றுக்கொள்ளப்படுகிறது," என்றார் நீதிபதி.

அடுத்து சுருட்டையைக் கூப்பிட்டார்கள். அவள் கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு டைரியோடு வந்தாள்.

"உங்க கணவர் இறந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் சுருட்டை. "நான் அழுதேன். முழு மதிப்பெண் வாங்கினேன்." டைரியைப் பார்த்தாள். அதை மூடினாள். "ஆனா இவ உயிரோடதான் இருக்கா மேடம். நேத்து என் டிபன் பாக்ஸை மாடிப்படிக்குக் கீழ மறந்து வச்சுட்டேன். திரும்பிப் போனா காலியா இருந்துச்சு. தினமும் மறந்து வைக்கறேன், தினமும் காலியாயிடுது."

மேசைமேல் இருந்த சம்பந்தப்பட்ட பொருள் மூக்கை உறிஞ்சியது.

"துக்கத்துல இருக்கறவங்க சாட்சி செல்லாது," என்று ஒருங்கிணைப்பாளர் கையேட்டைத் தேடினார். அந்த இடைவெளியில் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் நீதிபதி.

"ஒரே ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டறேன் மேடம்."

"இது எந்தச் செயல்பாடு?"

"செயல்பாடு இல்லீங்க. சும்மா படிக்கறேன்."

"சும்மாவா?" என்றார் அவர். அதைத் தடுக்க எந்த விதியைச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு நன்றாகப் படிக்க வராது. ஏற்ற இறக்கம் எல்லாம் கிடையாது, விலைப்பட்டியல் வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன். ஆனால் படகுக்காரன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததும் பின்பெஞ்சில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் அவனைத் தர்மவான் என்று புகழ்ந்தபோது வகுப்பு சிரித்தது. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. தான் வீட்டில் விட்டுப்போன ஒரே நல்ல சட்டையை முன்னால் இருப்பவன் போட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்துப் படகுக்காரன் மெல்ல எழுந்து, அவன் தோளைத் தொட்டான். அத்தியாயம் அங்கே முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது. வகுப்பிலிருந்து வரவில்லை. அங்கிக்குள்ளிருந்து வந்தது.

"அப்புறம் பதின்மூணாம் அத்தியாயம்," என்றேன்.

"அதுல என்ன ஆகுது? சட்டையைக் கழட்டிக் குடுத்தானா?"

நான் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். நான் கடைக்காரன், பேரம் எனக்குத் தெரியும். "அது தீர்ப்புக்கு அப்புறம் மேடம்."

இவ்வளவு வேகமாக ஒரு தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் வந்திருக்காது. படகுக்காரன் உயிரோடு இருக்கிறார், இத்தனை நாள் வருகையும் அவருக்குத் திருப்பித் தரப்படுகிறது, ஆண்டுத் தேர்வு எழுதலாம். சுருட்டை கறுப்புத் துணியை வீசிவிட்டு மேசைமேல் தாவி ஏறினாள். மேசை இருவரையும் தாங்கிக்கொண்டது.

எழுத்தர் மட்டும் கணினியை விட்டுத் தலை தூக்கவில்லை.

"மேடம், ஒரு சிக்கல். கணினியில ஒரு மரணம் ஏறியிருக்கு. பெயரை மாத்தலாம், மரணத்தை எடுக்க முடியாது. இரங்கல் கூட்டத்துக்கு மதிப்பெண் போட்டாச்சு, மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. யாராவது ஒருத்தர் இறந்தே ஆகணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் வேகவேகமாகக் கையேட்டைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், கூட்டத்துல படகுக்காரனோட அப்பாவாப் பேசினது நீங்கதானே? அவருக்கு நாவல்ல அப்பா உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாவலைப் படித்தவன் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே. "கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலேயே போயிட்டார்னு மூணாம் அத்தியாயத்துல வருது," என்றேன்.

"அப்ப நீங்க அந்தக் கூட்டத்துக்கே வந்திருக்கக் கூடாது," என்றார் நீதிபதி வருத்தத்தோடு. எழுத்தர் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். இறந்தவனுக்கு இருக்கும் மரியாதையோடு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன்.

மகள் தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வினாத்தாளில் "படகுக்காரனின் துண்டை வரைந்து வண்ணம் தீட்டுக" என்று ஒரு கேள்வி வந்ததாம். எங்கள் வீட்டுப் பிரதி சுருட்டையிடம் போய், அவளிடமிருந்து பாலத்தின் தூண்கள் எல்லாரிடமும் போய், அட்டை பிய்ந்து, குழம்புக் கறையோடு திரும்பி வந்தது. கேடயம் வாங்கிய பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளைகள் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஒருநாள் தலைமையாசிரியையும் கடைக்கு வந்தார். கண்ணில் ஏதோ கோளாறு என்றார். பார்வை நன்றாகத்தான் இருந்தது. போகும்போது தாழ்ந்த குரலில் வேறு நாவல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இறந்துபோனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. பஞ்சு கேட்பதில்லை, அட்டைப்பெட்டி கேட்பதில்லை. மற்ற அப்பாக்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, கண்ணாடி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நீங்க எப்படி சார் செத்தீங்க?" என்று காதோரம் கேட்கிறார்கள்.

போன வாரம் தொலைபேசி அடித்தது. எழுத்தர்தான். சின்னவன் வகுப்புக்கு இந்த வருடம் கடல் நாவலாம்.

"சார், அப்பாக்கள் எல்லாம் நீலச் சட்டை போட்டுட்டு அலையா வந்து படுக்கணும். சனிக்கிழமை ஒத்திகை."

"நான் இறந்துட்டேனே," என்றேன்.

கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா சார், பதிவுல இருக்கு. மன்னிச்சுக்கங்க. ரொம்ப வருத்தமா இருக்கு."

"பரவாயில்லீங்க, பழகிடுச்சு."

"வீட்டுல அம்மா இருக்காங்களா சார்? அவங்க அலையா வரலாம்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"எனக்கும் ஒரு கூட்டம் போடச் சொல்லுங்க," என்றாள். "பிஸ்கட் நானே வாங்கித் தரேன். க்ரீம் வச்சதே வாங்கித் தரேன்."